நான்கு மாதம் டாக்டருக்குக் காத்திருப்பதா, வியாழக்கிழமையே என்.பி.யைப் பார்ப்பதா?

2025 ஜனவரி 11: ஒரு வாசகியின் கேள்வி

பதினாறு வருடமாகப் பார்த்துவந்த எங்கள் குடும்ப மருத்துவர் டிசம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டார். அதே கிளினிக்கில் இன்னொரு டாக்டரிடம் புது நோயாளியாகச் சேர மே மாதம்தான் இடம் இருக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் (என்.பி., மேற்படிப்புப் படித்த நர்ஸ்) என்றால் வரும் வியாழக்கிழமையே பார்க்கலாம் என்கிறார்கள். கணவருக்குச் சர்க்கரையும் பி.பி.யும் இருக்கின்றன. ஒன்பது வயது மகன் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறுக்கு மருந்து எடுக்கிறான். டாக்டரை விட்டு நர்ஸிடம் போவது ஒரு படி இறங்குவது என்கிறார் கணவர். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

ஜனவரி 11, இரவு

வியாழக்கிழமை போங்கள். சர்க்கரையும் பி.பி.யும் உள்ள ஒருவர் நான்கு மாதம் யாரிடமும் காட்டாமல் இருப்பதுதான் இதில் மிக மோசமான வழி. மருந்துச் சீட்டு பிப்ரவரியில் தீர்ந்துபோனால் யார் எழுதித் தருவார்கள்? ஓய்வு பெற்றவரையா தேடிப் போவீர்கள்?

நானும் டெக்சாஸில்தான் இருக்கிறேன். ஆறு வருடமாக என்னையும் என் அம்மாவையும் பார்ப்பவர் ஒரு என்.பி. உங்கள் கணவர் சொன்னதை என் கணவரும் அப்போது சொன்னார். பெயரில் 'நர்ஸ்' என்று இருப்பதால் வரும் எண்ணம் அது. என்.பி. நோயாளியைப் பரிசோதிக்கிறார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார், நோயைக் கண்டுபிடிக்கிறார், மருந்து தருகிறார். டாக்டர் சொன்னதைச் செய்து முடிக்கும் வேலை அல்ல அது.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. பெயர் வைத்த நோய்க்கு என்.பி., பெயர் வைக்காத நோய்க்கு டாக்டர். சர்க்கரை என்று தெரிந்துவிட்டதா, என்.பி. நன்றாகவே பார்த்துக்கொள்வார். ஏதோ செய்கிறது, என்னவென்று புரியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

ஜனவரி 12

மகனை மறந்தே போனேன், மன்னியுங்கள். அவன் எடுக்கும் மருந்து எது என்று முதலில் பாருங்கள். ஏ.டி.எச்.டி.க்குப் பெரும்பாலும் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகைகள் 'இரண்டாம் அட்டவணை' கட்டுப்பாட்டு மருந்துகள். டெக்சாஸில் சாதாரண வெளிநோயாளி கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் என்.பி. இவற்றை எழுத முடியாது. மருத்துவமனையிலும், கடைசிக்காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸிலும் மட்டுமே அதற்கு வழி இருக்கிறது. ஆகவே மகனுக்காக அங்கே டாக்டரின் கையெழுத்து வேண்டியிருக்கும். போனில் இதை இன்றே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே எடுக்கும் மருந்துதான், புது நோயாளியாகச் சேரும்வரை யார் எழுதுவார்கள் என்று கேளுங்கள். மாத்திரை தீரும் வாரத்தில் இதைக் கண்டுபிடித்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குப் பள்ளியில் அது நல்ல வாரமாக இருக்கவில்லை.

ஜனவரி 14

கணவருடைய தயக்கத்தை நான் அவசரமாகத் தள்ளிவிட்டேன். அதில் நியாயமும் இருக்கிறது, எழுதாமல் விட்டால் தவறு.

இங்கே குடும்ப மருத்துவர் ஆக, கல்லூரிப் பட்டம் முடித்து நான்கு வருட மருத்துவக் கல்லூரி, அதன் பிறகு மூன்று வருட ரெசிடென்சி, அதாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. அந்த மூன்று வருடமும் வாரத்துக்கு 80 மணி நேரம்வரை வேலை செய்யலாம் என்பது விதி. என்.பி. முதலில் பதிவு பெற்ற நர்ஸ். அதற்கு மேல் முதுகலையோ டி.என்.பி. என்ற முனைவர் பட்டமோ படிக்கிறார். அந்தப் படிப்பில் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கவேண்டிய நேரம் குறைந்தது 500 மணி என்று நீண்ட காலம் இருந்தது. 2022இல் வந்த தேசியத் தரநிலை அதை 750 ஆக்கியிருக்கிறது. ரெசிடென்சி மருத்துவர் ஒருவர் முழு வேகத்தில் வேலை செய்தால் 750 மணி நேரம் பத்தே வாரம்.

இந்த எண்களைப் பார்த்த அன்று நானும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நர்ஸாக வேலை பார்த்த வருடங்கள் அந்த 750இல் சேராது. சிலருக்கு அது பதினைந்து வருடம். வேறு சிலர் நர்ஸாக ஒரு வருடம்கூட முழுதாக வேலை செய்யாமல் நேராக என்.பி. படிப்புக்குள் நுழைகிறார்கள், அப்படியும் வழி இருக்கிறது. சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் இருவருக்கும் ஒரே எழுத்துகள்தான்.

ஜனவரி 18

'பெயர் வைத்த நோய், பெயர் வைக்காத நோய்' என்று எழுதிவிட்டு ஒரு வாரமாக மனம் உறுத்துகிறது. என் வீட்டில் நடந்ததே அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

அம்மாவுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. வறட்டு இருமல். பகலில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, இரவில் படுத்தால் இன்னும் மோசம். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. அப்போது அவரைப் பார்த்தவர் வேறொரு கிளினிக்கின் டாக்டர், நல்ல பெயர் எடுத்தவர். முதல் முறை ஒவ்வாமை என்றார், அதற்கு மாத்திரை. இரண்டாம் முறை வயிற்று அமிலம் மேலேறுகிறது என்றார், அதற்கு மாத்திரை. மூன்றாம் முறை மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அறைக்குள் இருந்த நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. ஐந்து மாதம் ஓடியது. அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பாட்டு நடக்கும்போது இருமினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய கவலை.

அந்த நேரத்தில்தான் எங்கள் காப்பீடு மாறி இந்த என்.பி.யிடம் வந்தோம். முதல் சந்திப்புக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். எடுக்கும் மருந்தையெல்லாம் பட்டியலாக அல்ல, புட்டியோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தார். என்.பி. அதை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு புட்டியாக எடுத்து நிறுத்தி, லேபிளில் இருந்த தேதியைப் படித்தார். லிசினோபிரில் புட்டியை மட்டும் தனியாகத் தள்ளிவைத்தார். "இதை எப்போது ஆரம்பித்தார்? இருமல் எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டார்.

ஆறு வாரம்தான் இடைவெளி. அந்த வகை பி.பி. மாத்திரைக்கு வறட்டு இருமல் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. லோசார்டானுக்கு மாற்றினார். மூன்றாம் வாரம் வீட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்துப் பார்த்தால், இருமல் சத்தம் இல்லை.

(இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக பி.பி. மாத்திரையை நிறுத்தவேண்டாம். எழுதிக் கொடுத்தவரைக் கேட்டு மாற்றுங்கள்.)

பெயர் வைக்காத நோய்தான் அது. டாக்டரிடம் மூன்று முறை போனோம். கண்டுபிடித்தவர் என்.பி. என் கணக்கு எங்கே நிற்கிறது?

ஜனவரி 19

அம்மா அவரை 'டாக்டரம்மா' என்றுதான் சொல்வார். நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால், "நான் டாக்டர் அல்ல, நர்ஸ் பிராக்டிஷனர்" என்று ஒவ்வொரு முறையும் அவர் திருத்துவார். அம்மா தலையாட்டிவிட்டு, "சரி டாக்டரம்மா" என்பார். அறையில் மூவரும் சிரித்துவிடுவோம்.

அப்படித் திருத்துவதை நான் மதிக்கிறேன். தம்மை யாரென்று தெளிவாகச் சொல்லாதவரிடம் எனக்கு நம்பிக்கை வராது, அவர் எந்தப் படிப்புப் படித்திருந்தாலும்.

ஜனவரி 25

இன்னொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் கதையோடு நிறுத்தினால் உங்களை ஒரு பக்கமாகச் சாய்த்ததாக ஆகும்.

எனக்கும் சர்க்கரை. மெட்ஃபார்மின் எடுக்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. நான் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. 2023 கடைசியில் இரண்டு காலிலும் விரல் நுனிகள் மரத்துப்போவது போல இருந்தது. செருப்பு நழுவியது தெரியாமல் நாலடி நடந்திருப்பேன். அதே என்.பி.யிடம் சொன்னேன். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்படுவதுண்டு, கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவோம் என்றார். மூன்று மாதச் சர்க்கரை அளவான ஏ1சி 6.8தான் இருந்தது. அதற்கு மேல் எதை இறுக்குவது? ஆனாலும் இருவரும் அதை ஒப்புக்கொண்டு நகர்ந்துவிட்டோம்.

நான்கு மாதம் கழித்து அவர் விடுப்பில் இருந்தபோது அதே கிளினிக்கின் டாக்டர் என்னைப் பார்த்தார். காலுறையைக் கழற்றச் சொன்னார். ஓர் இசைக்கவையைத் தம் உள்ளங்கையில் தட்டி, என் பெருவிரல் எலும்பின் மீது வைத்தார். "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்." நின்றுவிட்டது என்றேன். அவர் அதை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தார். இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அறையின் குளிரும் அந்த உலோகத்தின் மெல்லிய ரீங்காரமும் இன்னும் நினைவில் இருக்கின்றன. என் காலில் எனக்குத் தெரியாமல் எவ்வளவு போயிருக்கிறது என்று அப்போதுதான் பயம் வந்தது.

பிறகு கணினியில் என் மூன்று வருட இரத்த அறிக்கைகளை வரிசையாகத் திறந்தார். சிவப்பணுக்களின் சராசரி அளவு 88, 94, 101 என்று வருடாவருடம் ஏறியிருந்தது. ஹீமோகுளோபின் நன்றாக இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பி12 பார்க்க எழுதினார். 168 வந்தது, 200க்குக் கீழே போனாலே குறைவு. மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையலாம், சைவ உணவில் அது மிகக் குறைவாகத்தான் வருகிறது, எனக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கீரை, பருப்பிலிருந்து ஃபோலிக் அமிலம் போதுமான அளவு கிடைத்துவிடுவதால் இரத்தசோகை வெளியே தெரியாமல் நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகலாம் என்று விளக்கினார்.

ஊசிகள் போட்டார்கள். இடது கால் முழுதாகத் திரும்பிவிட்டது. வலது பெருவிரல் இன்னும் சற்று மந்தம்தான்.

சர்க்கரை, பெயர் வைத்த நோய். தவறவிட்டவர் என்.பி. கண்டுபிடித்தவர் டாக்டர். என் கணக்கு இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது.

ஜனவரி 25, சற்று நேரம் கழித்து

சொல்ல விட்டுப்போனது: விடுப்பு முடிந்து வந்த என்.பி. தாமே என்னைப் போனில் கூப்பிட்டார். "நான் பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை, வருந்துகிறேன்" என்றார். அதன் பிறகு மெட்ஃபார்மின் எடுக்கும் தம் நோயாளிகள் எல்லாருக்கும் பி12 பார்க்கத் தொடங்கியிருக்கிறார். நான் அவரை விட்டு விலகவில்லை. அம்மாவின் இருமலைத் தவறவிட்ட டாக்டருக்கும் நான் கடிதம் எழுதினேன், எந்த மாத்திரையால் வந்தது என்று சொல்லி. பதில் வரவில்லை.

உங்கள் கணவர் மெட்ஃபார்மின் எடுக்கிறாரா? எடுத்தால், யாரைப் பார்த்தாலும் பி12 கேட்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2

ஒரு திருத்தம். டெக்சாஸில் என்.பி. மருந்து எழுத ஒரு டாக்டருடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும். ஆகவே 'எப்போதும் பின்னால் ஒரு டாக்டர் இருப்பார்' என்று அரிசோனாவில் இருக்கும் என் தங்கையிடம் சொன்னேன். "இங்கே அப்படி இல்லை அக்கா, என்னுடைய என்.பி. சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறார்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் என்.பி. தனித்தே இயங்கலாம். சில இடங்களில் முதல் சில வருடங்களுக்கு மட்டும் மேற்பார்வை கேட்கிறார்கள். வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் உங்கள் மாநில விதியைப் பாருங்கள், என்னுடையதை அல்ல.

டெக்சாஸிலும் அந்த ஒப்பந்தத்தை வைத்து, டாக்டர் பக்கத்து அறையிலேயே இருப்பார் என்று எண்ணவேண்டாம். வேறு ஊரிலும் இருக்கலாம். எனக்கு உதவியது, அவர் உண்மையிலேயே பக்கத்து அறையில் இருந்ததுதான்.

இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த லொரெட்டா ஃபோர்டு ஜனவரி 22ஆம் தேதி காலமாகிவிட்டார். 104 வயது. கொலராடோவின் கிராமப்புறங்களில் பொதுச் சுகாதார நர்ஸாக இருந்தவர். டாக்டர் எட்டாத இடங்களில் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, நர்ஸுக்கு இன்னும் கற்றுக்கொடுத்தால் இதைச் செய்யலாமே என்று, ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் பயிற்சியைத் தொடங்கினார். ஒரு நர்ஸும் ஒரு டாக்டரும் சேர்ந்து தொடங்கியது இது. நாம் இப்போது இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். குடும்ப மருத்துவமே தனிச் சிறப்புத்துறையாக அங்கீகாரம் பெற்றது 1969இல்தான், அதாவது என்.பி.க்கு நான்கு வருடம் பின்னால்.

பிப்ரவரி 9

ஆய்வு ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அதிகம் பேசப்படுவது 2000ஆம் ஆண்டு ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பகுதியினரை என்.பி.க்களிடமும் மற்றவர்களை டாக்டர்களிடமும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஒரே அதிகாரம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை, ஆஸ்துமா, பி.பி. உள்ளவர்களின் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. பி.பி.யின் கீழ் எண் மட்டும் என்.பி. பக்கம் சற்றுக் குறைவாக இருந்தது. பிறகு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2018 காக்ரேன் அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொன்னது: உடல்நிலை விளைவுகள் அதே அளவு அல்லது சற்று மேல், சந்திப்பு நேரம் கூடுதல், நோயாளிகளின் திருப்தி கூடுதல்.

இவற்றை நான் நம்புகிறேன். ஆனால் ஆறு மாதத்தில் என் பி12 எங்கேயும் அகப்பட்டிருக்காது. அது காலில் தெரிய வருவதற்கே வருடக்கணக்கில் ஆயிற்று. அம்மாவின் இருமலும் அகப்பட்டிருக்காது, ஏனென்றால் அவருடைய பி.பி. எண் அந்த ஐந்து மாதமும் அழகாகவே இருந்தது.

பிப்ரவரி 15

நேற்று என் முறைச் சந்திப்பு. இத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டேன். என்.பி. ஆவதற்கு முன்னால் நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள்?

"இதய வார்டில், பதினொரு வருடம்."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பதினொரு வருடம் காலையும் மாலையும் கிண்ணத்தில் லிசினோபிரில் போட்டுக் கொடுத்தவர் அவர். மாத்திரை விழுங்கிய கிழவர்கள் இருமுவதை இரவு ஷிஃப்டில் கேட்டுக்கொண்டிருந்தவர். அந்த இருமல் அவருடைய காதுக்குத் தெரியும். என் காலுறைக்குள் இருந்தது அவருடைய பதினொரு வருடத்தில் இல்லை. டாக்டரையும் கேட்டேன், நடைபாதையில் நிறுத்தி. ரெசிடென்சியின்போது முதியோர் மருத்துவமனை ஒன்றில் பல மாதங்கள் இருந்தாராம். அங்கே தடுமாறி விழும் ஒவ்வொருவருக்கும் இசைக்கவை வைத்துப் பார்க்காமல் விடமாட்டாராம் அவருடைய ஆசிரியர்.

ஆகவே என் பழைய கணக்கை விட்டுவிடுகிறேன். என்.பி.யா டாக்டரா என்பது பாதிக் கேள்வி. இவர் இதற்கு முன் எத்தகைய நோயாளிகளின் பக்கத்தில் எத்தனை வருடம் நின்றிருக்கிறார் என்பது மீதிப் பாதி. அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நான் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரோ சந்தோஷமாகச் சொன்னார். இன்னும் பத்து நிமிடம் அந்த வார்டைப் பற்றியே பேசினோம்.

பிப்ரவரி 16

ஆனாலும் படிப்பின் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். எடை காரணமில்லாமல் குறைகிறது, இரவில் வியர்க்கிறது, மூன்று உறுப்பில் மூன்று தொந்தரவு ஒரே சமயத்தில் என்றால் நான் இன்றும் டாக்டரைத்தான் கேட்பேன். ஏழு வருடத்தில் அரிதான நோய்களையும் கண்ணால் பார்த்திருக்க அவருக்கு வாய்ப்பு அதிகம்.

மார்ச் 1

பணம் பற்றிக் கேட்டீர்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், என்.பி.க்கு டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம் தருகிறது. கிளினிக்குக்குத்தான் அந்தக் கணக்கு. எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு முறையும் நாம் கையிலிருந்து கட்டும் கோ-பே இருவருக்கும் ஒன்றே. உங்கள் காப்பீட்டு அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணில் கேட்டுவிடுங்கள்.

கிளினிக்கைக் கூப்பிடும்போது, சந்திப்புக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள். பதினைந்து என்றால் கணவருக்குப் போதாது, நீண்ட சந்திப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்த டாக்டர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா, தேவைப்பட்டால் அன்றே வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். உரிமம் சரியாக இருக்கிறதா என்பதை மாநில நர்ஸிங் வாரியத்தின் தளத்தில் பெயரை வைத்துப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. வரவேற்பில் இருப்பவர் 'புரொவைடர் பார்ப்பார்' என்று பொதுவாகச் சொன்னால், எந்தப் புரொவைடர், டாக்டரா, என்.பி.யா, பி.ஏ.வா (மருத்துவ உதவியாளர், ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்) என்று விடாமல் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

மார்ச் 8

உங்கள் செய்தி படித்தேன். மனம் நிறைந்தது. கணவர் இரண்டாம் முறையும் போய்வந்திருக்கிறார், தாமாகவே! பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஒருவர் காலுறையைக் கழற்றச் சொன்னார் என்று வீட்டுக்கு வந்து சொன்னாராமே. அவருக்கு வந்த என்.பி. முன்பு சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களுக்கான கிளினிக்கில் வேலை பார்த்தவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். நல்லது. மகனின் மாத்திரைக்குப் பக்கத்து அறை டாக்டர் எழுதிக் கொடுத்ததும் பெரிய நிம்மதி.

மே மாதம் டாக்டரிடம் இருக்கும் இடத்தை ரத்து செய்துவிடவா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். கணவரை ஒரு முறை அவரும் பார்க்கட்டும். பழைய டாக்டரின் அலுவலகத்தில் இருந்து கடந்த மூன்று வருட இரத்த அறிக்கைகளை இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள், வர நாளாகும். மாத்திரைகளைப் புட்டியோடு கொண்டுபோங்கள்.